டிரங்குப் பெட்டியில் தூங்கும் இளவரசி

உங்கள் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறதா? இருக்கும். கல்யாணத்தில் வந்த வெள்ளிக் கிண்ணம், குழந்தையின் முதல் சட்டை, வீட்டுப் பத்திரம், நாலு பூச்சி உருண்டை எல்லாம் அதில் இருக்கும். அவற்றுக்கு அடியில், பழைய புடவையில் சுற்றி வைத்த ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கிறதா? அப்படியானால் இந்த வாரம் இந்தப் பக்கம் உங்களுக்காகத்தான். இல்லாவிட்டாலும் படியுங்கள். உங்கள் மாமியாரின் பெட்டியில் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம்.

சிறுமலையிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போடக் கூடாது என்பது அவர் உத்தரவு. திண்டுக்கல்லிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போனால் வருமே, அந்தச் சிறுமலைதான். எலுமிச்சை, பலா, மிளகு, காப்பி என்று தோட்டங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர். 1980-களில் அவர் பள்ளிக்கூடத்துப் பெண். தகப்பனார் எலுமிச்சை மூட்டையோடு திண்டுக்கல்லுக்கு இறங்கினால், திரும்பி வரும்போது பெண்ணுக்கு ஒரு காமிக்ஸ் புத்தகம் வாங்கி வருவாராம். எப்போதும் ஒரே கடையில்.

படித்ததோடு அந்தப் பெண் நிற்கவில்லை. ஒவ்வொரு கதையையும் முடித்ததும், அதில் வந்த கதாநாயகியைப் பற்றி நோட்டில் எழுதி வைத்தார். அவள் என்ன செய்தாள், ஏன் செய்தாள், தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்படியே நாலு நோட்டு நிரம்பிவிட்டது. கல்யாணம் ஆயிற்று, நோட்டுகள் பெட்டிக்குள் போயின. இன்று வரையில் யாரும் பார்த்ததில்லை.

இப்போது சமாசாரம் என்னவென்றால், அந்தப் பழைய கடைக்காரர் வரும் பொங்கலோடு கடையை மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாராம். சகோதரி கேட்கிறார்: "இந்த நோட்டுகளால் அந்தக் கடைக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா? இல்லை, போகியன்று பழையதோடு பழையதாகப் போட வேண்டியதுதானா?"

அம்மா! தயவு செய்து போகிக்கு அவசரப்படாதீர்கள். பிரயோசனம் உண்டு. எப்படி என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

★ ★ ★

"காமிக்ஸா? அதில் கதாநாயகி வேறா?" என்று மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்க்கும் பெரியவர்களுக்கு முதலில் கொஞ்சம் பூர்வ கதை சொல்லிவிடுகிறேன்.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. அந்த நாள் பையன்களில் பாதிப் பேர் கையை மின்சாரப் பிளக்கில் வைத்தால் மறைந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல வேளை, பெரும்பாலோர் சோதித்துப் பார்க்கவில்லை! அந்தக் கதைகளில் பெண்கள் இருந்தார்கள். ஆனால் எங்கே இருந்தார்கள்? துப்பறியும் ஜானி நீரோவுக்கு ஸ்டெல்லா என்ற காரியதரிசி. மந்திரவாதி மாண்ட்ரேக்குக்கு நர்டா என்ற தோழி. முகமூடி மாயாவி என்றும் வேதாளர் என்றும் தமிழில் பெயர் வாங்கிய ஃபாண்டத்துக்கு டயானா என்ற காதலி.

இந்தக் காதலிகள் காத்திருந்த கணக்கைக் கேட்டால் நம் வீட்டுப் பாட்டிமார் மயக்கம் போட்டு விழுவார்கள். ஃபாண்டம் கதை 1936-ல் ஆரம்பம். டயானாவுக்குக் கல்யாணம் 1977-ல். நாற்பத்தோரு வருஷம்! மாண்ட்ரேக் 1934-ல் ஆரம்பம். நர்டாவின் கழுத்தில் மாலை ஏறியது 1997-ல். அறுபத்து மூன்று வருஷம்! ஜாதகத்தில் எந்தத் தோஷமாயிருந்தாலும் இவ்வளவு காலம் தள்ளாது. டயானா ஒன்றும் சாமானியப் பெண் அல்ல. நீச்சலில் கெட்டிக்காரி, ஐக்கிய நாடுகள் சபையில் உத்தியோகம் பார்த்தவள். இருந்தும், கதையில் அவளுக்கு முக்கால்வாசி வேலை, கடத்தப்படுவதும் காப்பாற்றப்படுவதும்தான்.

பிறகு 1984 ஜூலை மாசம் வந்தது. அந்த ஒரே மாசத்தில் தமிழில் இரண்டு காமிக்ஸ் இதழ்கள் பிறந்தன. ஒன்று ராணி காமிக்ஸ். அதன் முதல் புத்தகத்தின் பெயர் 'அழகியைத் தேடி'. கதாநாயகன் ஜேம்ஸ் பாண்ட். மற்றொன்று லயன் காமிக்ஸ். அதன் முதல் புத்தகத்தின் பெயர் 'கத்தி முனையில் மாடஸ்டி'. கதாநாயகி மாடஸ்டி பிளைஸி.

தலைப்புகளை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். ஒன்றில் பெண்ணைத் தேடிக்கொண்டு ஓர் ஆண் போகிறான். மற்றதில் பெண்ணின் பேரே தலைப்பில் இருக்கிறது. கடையில் கயிறு கட்டி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்க விட்டிருப்பார்கள். சிறுமலைக்குப் போன புத்தகம் இரண்டாவது.

மாடஸ்டியின் கூட்டாளி வில்லி கார்வின் அவளை 'இளவரசி' என்றுதான் கூப்பிடுவான். தமிழ் வாசகர்களும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். இன்றும் காமிக்ஸ் அபிமானிகள் நாலு பேர் கூடிய இடத்தில் "இளவரசி கதை எப்போது வரும்?" என்று கேட்டால், யாரைச் சொல்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

★ ★ ★

அந்தச் சகோதரி தம் கடிதத்தோடு நோட்டிலிருந்து சில பக்கங்களையும் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

மாடஸ்டி ஓர் அநாதை. ஊர் தெரியாது, தாய் தகப்பன் தெரியாது. அகதி முகாமில் சந்தித்த ஒரு வயோதிகப் பேராசிரியர் அவளுக்கு மாடஸ்டி என்று பெயர் வைத்தார். பிளைஸி என்ற பின்பெயரை அவளே தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டாள். இது கதை. பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோது நம் சகோதரி இதைப் பற்றி எழுதியிருப்பது: தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கு முடியுமா? பல வருஷம் கழித்து, அதே பக்கத்தின் ஓரத்தில் வேறு மையில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். கல்யாணமானதும் ரேஷன் கார்டில் தம்முடைய இனிஷியல் மாறியிருந்தது. மாற்றலாமா என்று ஒருவரும் தம்மைக் கேட்கவில்லை என்று.

இரண்டாவது, மாடஸ்டியும் கார்வினும் பற்றியது. உயிருக்கு உயிரான சிநேகிதர்கள்; ஆனால் காதலர்கள் அல்ல. கதாசிரியர் கடைசி வரை அப்படியேதான் வைத்திருந்தார். ஓர் ஆணும் பெண்ணும் பழகினால் முடிவில் கல்யாணமாவது கண்ணீராவது வந்தே தீர வேண்டும் என்று சினிமாவில் பார்த்துப் பழகிய பெண் அவர். இப்படி மூன்றாவதாக ஒரு வழி இருப்பதைக் காமிக்ஸில் பார்த்து, அதைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் லண்டனில் இருக்கும் விமரிசகர் எழுத முடியாது, ஐயா! எலுமிச்சைத் தோட்டத்தில் உட்கார்ந்து மாடஸ்டியைப் படித்த ஒருவர்தான் எழுத முடியும். இப்படிப்பட்ட எழுத்துக்குத் தமிழில் எத்தனை உதாரணம் காட்ட முடியும்? கதாநாயகர்களைப் பற்றிப் பேச ஆள் உண்டு. கதாநாயகிகளைப் படித்து வளர்ந்த பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பது பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது.

★ ★ ★

பெட்டிக்குள் தங்கிய எழுத்து என்றதும் மாடஸ்டி பிறந்த கதை நினைவுக்கு வருகிறது. அதைப் படைத்த பீட்டர் ஓடோனல் 1942-ல் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு சிறிய வானொலிப் பிரிவோடு வட பாரசீகத்தில் இருந்தார். யுத்தத்துக்குத் தப்பி நடந்தே வரும் அகதிகள். அவர்களில் ஒரு சிறுமி, தன்னந்தனியாக. ஆணி வைத்துக் கட்டிய ஒரு மரத்துண்டுதான் அவளுக்கு ஆயுதம். சிப்பாய்கள் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டாள், பாத்திரத்தைக் கழுவி வைத்தாள், மூட்டையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து போய்விட்டாள். அவள் பேர் என்ன, பிறகு என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது.

ஓடோனல் அந்தப் பெண்ணை இருபது வருஷம் மனசிலேயே வைத்திருந்தார். 1963 மே மாசம், ஓவியர் ஜிம் ஹோல்டவேயின் கைவண்ணத்தில், லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் மாடஸ்டி வெளிவந்தாள். 2001 வரையில் நாள்தோறும் நடந்தாள். அந்த இருபது வருஷத்தில் ஓடோனல், "இதெல்லாம் யாருக்கு வேண்டும்?" என்று மறந்திருந்தால், சிறுமலைப் பெண்ணுக்கு இளவரசி கிடைத்திருக்க மாட்டாள்.

இன்னொரு கதையும் கேளுங்கள். 'வொண்டர் வுமன்' என்ற அற்புதப் பெண்ணை 1941-ல் அமெரிக்காவில் உண்டாக்கியவர் வில்லியம் மார்ஸ்டன் என்ற மனோதத்துவ நிபுணர். அவர் ஒரு காரியதரிசிப் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தியபோது, ஜாய் ஹம்மல் என்ற மாணவியின் பரீட்சை விடைகள் அவரைப் பிரமிக்க வைத்தன. 1944-ல் அந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்துக்கொண்டார். பிறகு மார்ஸ்டன் போலியோவினால் படுத்துவிட, ஜாய் எழுபதுக்கு மேற்பட்ட கதைகளை எழுதினார். ஆனால் அச்சில் வந்தது சார்லஸ் மோல்டன் என்ற ஆண் பெயர். அது மார்ஸ்டனின் புனைபெயர். 1947-ல் ஜாய் கல்யாணம் செய்துகொண்டு, கணவரின் முதல் தாரத்துப் பெண்ணை வளர்ப்பதற்காக வேலையை விட்டார். அற்புதப் பெண்ணை எழுதிய அற்புதப் பெண் யார் என்பதை வெகு காலம் உலகம் அறியவில்லை. ஜில் லெபோர் என்ற சரித்திர ஆசிரியை 2014-ல் எழுதிய புத்தகத்தால் பலருக்கும் விஷயம் தெரிந்தது. 2018-ல், 94-ஆவது வயதில், ஜாய் ஹம்மலுக்குக் காமிக்ஸ் எழுத்தாளர்களுக்கான பில் ஃபிங்கர் விருது கொடுத்தார்கள். 2021-ல் அவர் காலமானார்.

ஒரு வேடிக்கை. நம் ஓடோனல் இருக்கிறாரே, அவர் பெண்கள் விரும்பும் சரித்திரக் காதல் நாவல்களை மாடலின் பிரெண்ட் என்ற பெண் பெயரில் எழுதிப் பரிசு வாங்கினார். ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் வேஷம் கட்டியது நம் தெருக்கூத்தில் மட்டும் அல்ல!

★ ★ ★

சரி, கடைக்கு வருவோம். புத்தகக் கடை ஏன் நொடிக்கிறது?

கணக்கு ரொம்பச் சுலபம். 100 ரூபாய்ப் புத்தகம் விற்றால் கடைக்காரருக்கு நிற்பது சாதாரணமாக 25 ரூபாயிலிருந்து 35 ரூபாய் வரை. புத்தகக் கண்காட்சியில் வாங்கிப் பழகிய நாம், "கண்காட்சியில் பத்து சதவிகிதம் தள்ளுபடி உண்டே?" என்று கடையிலும் கேட்கிறோம். அவரும் முகம் கோணாமல் கொடுக்கிறார். மீதியில் வாடகை, மின்சாரம், கடைப் பையன் சம்பளம், செல்லரித்த புத்தகத்தின் நஷ்டம். இது போதாதென்று, நம்மில் சிலர் கடையில் வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் செல்போனில் ஆர்டர் போடுகிறோம். துணிக்கடையில் புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, வேறு கடையில் வாங்குவது போலத்தான் இதுவும். காமிக்ஸ் விஷயத்தில் இன்னொரு மாறுதல். ஒரு காலத்தில் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் தொங்கிய புத்தகம், இப்போது பெரும்பாலும் சந்தா கட்டியவர் வீட்டுக்கு நேரே கூரியரில் போகிறது. பதிப்பாளரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் பிழைக்க அதுதான் வழி. ஆனால் கடை வாசலில் நின்று "இந்த மாசம் வந்துவிட்டதா?" என்று கேட்கும் பையனும் பெண்ணும் குறைந்துவிட்டார்கள்.

ஆகவே கடைக்கு வேண்டியது தர்மப் பணம் அல்ல. கடைப் படியேறி வருவதற்கு ஒரு காரணம். வேறெங்கும் கிடைக்காத ஒரு சரக்கு அங்கே இருக்க வேண்டும். வெளிவராத எழுத்தைக் காட்டிலும் அப்படிப்பட்ட சரக்கு வேறு ஏது?

இது என்னுடைய சொந்தக் கற்பனை என்று நினைக்காதீர்கள். முன்பே நடந்திருக்கிறது. பாரிஸ் நகரத்தில் சில்வியா பீச் என்ற அம்மாள் 'ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனி' என்ற சின்னப் புத்தகக் கடை நடத்தி வந்தார். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நாவலை வெளியிட மற்றவர்கள் பயந்தபோது, 1922-ல் துணிந்து வெளியிட்டவர் அவர்தான். 1930-களின் வியாபார மந்தத்தில் கடை தள்ளாடியது. மூடிவிடலாம் என்று முடிவு கட்டிய சமயத்தில், எழுத்தாளர் ஆந்த்ரே ழீட் முதலிய சிநேகிதர்கள் கூடினார்கள். 1936-ல் சங்கம் ஒன்று அமைத்தார்கள். வருஷச் சந்தா 200 ஃபிராங்க். சந்தா கட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது? எழுத்தாளர்கள் கடைக்கே வந்து, இன்னும் அச்சேறாத எழுத்துகளையும் சேர்த்து வாசித்துக் காட்டினார்கள். ழீட் வாசித்தார், கவி வலேரி வாசித்தார். கவி எலியட் லண்டனிலிருந்து கடல் தாண்டி வந்து வாசித்தார். ஹெமிங்வே கூட வாசித்தார். கடை நிமிர்ந்துகொண்டது.

"கடைசியில் அந்தக் கடை மூடத்தானே மூடியது?" என்று சரித்திரம் படித்தவர்கள் கேட்பார்கள். மூடியது. 1941-ல், ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்த பிறகு, அவர்கள் மிரட்டலினால் மூடியது. வாடகை கட்ட முடியாமல் மூடவில்லை. வெளிவராத எழுத்துகள் அந்தக் கடைக்கு ஐந்தாறு வருஷ ஆயுசு வாங்கிக் கொடுத்தன. ஒரு கடையின் ஐந்தாறு வருஷத்தில் எத்தனை குழந்தைகள் முதல் புத்தகம் வாங்குகின்றன, யோசித்துப் பாருங்கள்.

காமிக்ஸ் கடைகளுக்கே நடந்ததும் உண்டு. 2020-ல் கொரோனா வந்தபோது அமெரிக்காவில் காமிக்ஸ் கடைகளுக்குப் புத்தகம் அனுப்பி வந்த டயமண்ட் என்ற பெரிய விநியோகஸ்தர் புதுப் புத்தகங்களை அனுப்புவதையே நிறுத்திவிட்டார். கடைகள் கதிகலங்கின. ஏப்ரல் 15-ந் தேதியிலிருந்து 20-ந் தேதி வரை காமிக்ஸ் எழுத்தாளர்களும் ஓவியர்களும் தங்களிடம் இருந்த சித்திரம், கையெழுத்துப் பிரதி, அபூர்வப் புத்தகம் எல்லாவற்றையும் ஏலம் விட்டார்கள். நாலு லட்சத்து முப்பதாயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அத்தனையும் புத்தகக் கடைகளுக்கும் காமிக்ஸ் கடைகளுக்கும் உதவும் ஒரு தர்ம நிதிக்குப் போயிற்று.

★ ★ ★

"அவர்கள் பேர் பெற்றவர்கள். என் நோட்டை ஏலம் போட்டால் எட்டணாவுக்குக் கூடப் போகாதே!" என்கிறீர்களா? ஏலம் வேண்டாம், சகோதரி. நம் ஊருக்கு ஏற்றபடி செய்வோம். இதோ வழி.

முதலில் நாலு நோட்டில் நல்லதாகப் பதினாறு பக்கத்துக்கு வரும்படி பொறுக்கி எடுங்கள். பதினாறு பக்கம் என்றால் அச்சகத்தில் ஒரு பாரம். மடித்து நடுவில் இரண்டு கம்பி அடித்தால் சிறு புத்தகம். பள்ளிக்கூடத்து நாளில் எழுதிய பிழைகளைத் திருத்தலாம். ஆனால் அப்போது நினைத்ததை இப்போது மாற்றாதீர்கள். அந்த ஓரத்துக் குறிப்பு இனிஷியல் சமாசாரத்தை அவசியம் சேருங்கள்.

பிறகு, நோட்டைக் கொடுக்காதீர்கள், நகலைக் கொடுங்கள். நோட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கடைக்காரர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும் கடையில் எலி உண்டு.

மூன்றாவது, ஒரு கடிதம். "இந்தக் கட்டுரைகளை இந்தக் கடை 100 பிரதி அச்சிட்டு விற்றுக்கொள்ளலாம்; பணம் கடைக்கு; எழுத்தின் உரிமை எனக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இருவரும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நம் தேசத்தின் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய மாத்திரத்திலேயே எழுத்து எழுதியவருக்குச் சொந்தம். பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் ஆயுசுக்கும், அதற்கு மேல் 60 வருஷத்துக்கும் அந்த உரிமை உண்டு. பேரன் பேத்திகள் வரை செல்லுபடியாகும் சொத்து இது.

நாலாவது எச்சரிக்கை. மாடஸ்டியைப் பற்றி நீங்கள் எழுதியது உங்களுடையது. மாடஸ்டியின் படம் உங்களுடையது அல்ல. விமரிசனத்துக்கு வேண்டிய ஒரு வரி, இரண்டு வரி மேற்கோள் காட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. பக்கம் பக்கமாகப் படத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சேர்க்க இடம் கொடுக்கவில்லை. அட்டைக்குப் படம் வேண்டுமானால் சிறுமலை எலுமிச்சைக் கிளையை வரையச் சொல்லுங்கள். அதற்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள்.

கடைசியாகக் கணக்கு. புத்தகம் 30 ரூபாய், 100 பிரதி என்றால் மொத்தம் 3,000 ரூபாய். அச்சுக்கூலி போனால் மிச்சம் ஒரு மாச வாடகைக்குக்கூடக் காணாது. ஆனால் அந்தப் புத்தகம் அந்தக் கடையில் மட்டும்தான் கிடைக்கும் என்று வையுங்கள். நூறு பேர் படியேறி வருகிறார்கள். ஆளுக்கு 200 ரூபாய்க்கு வேறு புத்தகம் வாங்கினால் விற்பனை 20,000; அதில் கடைக்கு நிற்பது சுமார் 5,000. இன்னும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்குள்ளேயே நாலு பெஞ்சு போட்டு, நீங்களே இரண்டு பக்கம் வாசித்துக் காட்டினால், வந்தவர்களில் பத்துப் பேராவது அடுத்த மாசமும் வருவார்கள். வாசிக்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் பெண்ணை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பின் பெஞ்சில் உட்காருங்கள்.

இதனால் கடை நிச்சயம் பிழைத்துவிடும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. கடைக்காரருக்கும் வயசாகிறது, வாடகைக்காரர் நினைப்பது வேறாக இருக்கலாம். ஆனால் பொங்கலுக்கு மூடுவதாக இருந்த மனிதர், "அடுத்த பாரம் எப்போது அம்மா வரும்?" என்று உங்களைக் கேட்கும்படி ஆகிவிட்டால், அது எவ்வளவு பெரிய காரியம்! மூடியே விட்டாலும், அந்தக் கடை விற்ற புத்தகங்கள் சிறுமலையில் ஒரு பெண்ணுக்கு என்ன செய்தன என்பதற்கு அத்தாட்சி நூறு வீடுகளில் இருக்கும். அதையாவது அவர் தெரிந்துகொண்டு மூடட்டும்.

★ ★ ★

இப்போது மற்ற வாசகர்களுக்கு.

உங்கள் நோட்டில் மாடஸ்டியே இருக்க வேண்டும் என்பதில்லை. அமர் சித்திரக் கதையில் ஜான்சி ராணியைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் துடைப்பத்தை வாளாகச் சுழற்றியவர்கள் உங்களில் இருப்பீர்கள். கதாநாயகனைவிட காரியதரிசி ஸ்டெல்லா கெட்டிக்காரி என்று அண்ணனோடு சண்டை போட்டவர்கள் இருப்பீர்கள். அதை எழுதுங்கள். எழுதியது இருந்தால் வெளியே எடுங்கள்.

திண்டுக்கல் பக்கத்து வாசகர்களுக்கு இன்னும் ஒரு விண்ணப்பம். 1772-ல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் மாண்ட பிறகு, வேலு நாச்சியார் தஞ்சம் புகுந்தது உங்கள் விருப்பாட்சியில். பாளையக்காரர் கோபால நாயக்கர் நிழல் கொடுத்தார். ஹைதர் அலி படை உதவி தந்தார். எட்டு வருஷம் காத்திருந்து 1780-ல் அந்த அம்மாள் சிவகங்கையை மீட்டார். மீட்டதைப் பலரும் எழுதிவிட்டார்கள். காத்திருந்த எட்டு வருஷத்தை யார் எழுதுவது? பொழுது விடிந்தால் என்ன செய்திருப்பார்? மகள் வெள்ளச்சிக்கு என்ன சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பார்? டயானாவும் காத்திருந்தாள், நாச்சியாரும் காத்திருந்தார். இரண்டு காத்திருத்தலுக்கும் எவ்வளவு தூரம்! உங்கள் வீட்டில் படம் போடத் தெரிந்த பெண் இருந்தால், இது அவளுக்கு நல்ல விஷயம். முதல் பிரதியை உங்கள் ஊர்ப் புத்தகக் கடையில் வையுங்கள்.

பொங்கலுக்கு முன் போகி வருகிறது. பரணைத் துடைக்கும்போதும் பெட்டியைக் கவிழ்க்கும்போதும் கையில் ஒரு நோட்டு அகப்பட்டால், உடனே பழைய பேப்பர் கட்டில் சேர்த்துவிடாதீர்கள். நாலு பக்கம் படியுங்கள். யாருடையது என்று விசாரியுங்கள். மாமியாருடையது என்று தெரிந்தால் ஒரு டம்ளர் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். வெட்கப்படுவார்கள், பிறகு சொல்வார்கள். அப்புறம் உங்கள் ஊர்ப் புத்தகக் கடைக்காரரிடம் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். போகும்போது ஒரு புத்தகம் வாங்குங்கள், தள்ளுபடி கேட்காதீர்கள்.

என்ன நடந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.